எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று

சிதம்பரத்தில் ஓவியம் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கூடம் கிடையாது. அதனால் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் சிலரும் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஓவியர்கள் சிலரும் சேர்ந்து, கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் ஒன்பது இடங்களை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கினார்கள். மூடிக் கிடந்த ஒரு பாத்திரக்கடை, ஒரு லாட்ஜின் வரவேற்பறை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், இப்படி. ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை ஜனங்கள் ஒவ்வொன்றாக நடந்து போய்ப் பார்க்கலாம். 'மாலை ஓவிய நடை' என்று பெயர் வைத்து நோட்டீஸ் அடித்திருந்தார்கள்.

அந்த நோட்டீஸ் கடலூரில் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. வழக்கமாக வரும் காலை வணக்கப் பூக்களோடு அதையும் தள்ளிவிட்டிருப்பேன். படம் வரைந்தவர்களின் பட்டியலில் நான்காவதாக என் தங்கையின் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் பெயரும் சேர்ந்திருந்ததால் வேறு யாரோ என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

நாங்கள் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவள் ஒரு மீனவக் குடும்பத்துப் பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டார். பேசியது நான். இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். அப்பா மனதில் இருந்ததைத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு முன்பு அப்பா இறந்தபோது அவளுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு வந்து, சிதம்பரம் வடக்கு வீதியில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை ஓரமாக நின்றாள். வாசலை மிதிக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை.

கடலூரில் என் வீட்டிலிருந்து அவள் வாக்கப்பட்ட கடலோர ஊர் டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். அப்பா காரியம் முடிந்த மாதத்தில் ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். கண்டக்டர் "எறங்கலியா?" என்றார். தூங்கிவிட்டேன் என்று பொய் சொல்லி, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். எனக்கு வாய்தான் நீளம், தைரியம் கிடையாது.

ஓவிய நடை அன்றைக்குப் பல்வலி என்று சொல்லி மத்தியானமே ஆபீஸிலிருந்து கிளம்பினேன். நாலு புடவையை எடுத்துப் போட்டு, கடைசியில் தினம் கட்டுகிற புடவையையே கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அலங்காரம் செய்துகொண்டு மன்னிப்புக் கேட்கப் போவது அசிங்கமாகப் பட்டது.

கீழ வீதியில் நோட்டீஸும் வரைபடமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் வேடிக்கை. வரைபடம் போட்ட புண்ணியவான் யாரோ வெளியூர்க்காரர். கீழ வீதியில் ஒன்றாம் நம்பர், அடுத்து வடக்கு வீதி, அப்புறம் மேல வீதி, கடைசியாகத் தெற்கு வீதி என்று அம்புக்குறி போட்டிருந்தார். அதாவது கோயிலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தேர் போகிற வழிக்கு நேர் எதிர். ஊர்க்காரர்கள் வரைபடத்தை மரியாதையாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லி வைத்த மாதிரி தெற்கே திரும்பினார்கள்.

"சார், அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம்!" என்று பேட்ஜ் குத்திய காலேஜ் பையன் ஒருவன் கையை வீசிக்கொண்டே ஓடினான்.

"புரியுதுப்பா," என்றார் குடையோடு போன ஒருவர். "சாமி இந்தப் பக்கமால்ல சுத்தும்?"

அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் ஒன்றிலிருந்து ஒன்பதுக்கும், நாங்கள் ஒன்பதிலிருந்து ஒன்றுக்கும் போனோம். நானும் தெற்கேதான் திரும்பினேன். எங்கள் அப்பா இதில் ஊரையே மிஞ்சியவர். பத்துக் கடை தள்ளிக் காபிப்பொடி வாங்க வேண்டுமென்றாலும், அது தேர் போகிற வழிக்கு எதிர்த்திசையில் இருந்தால் மூன்று வீதி சுற்றிப் போய் வாங்கி வருவார். எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது சாவுச் சடங்குக்கு உள்ளது என்பார். என் காலுக்கு வேறு வழி தெரியாது.

தங்கையின் இடம் மேல வீதி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நேரே அங்கே போயிருக்கலாம். நானோ தெற்கு வீதியில் இருந்த ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பரீட்சைக்குப் படிப்பது போல நின்றேன். பாத்திரக்கடையில் ஒருவர் ஆளுயரத்துக்கு நீலத்தைப் பூசி அதற்கு 'மௌனம்' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு அம்மாள் அவரிடம், "இன்னும் முடிக்கலீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். உள்ளங்கை வேர்த்து வரைபடம் கிழிந்துவிட்டது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தங்கை இல்லை. அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "மேடம் காபி சாப்புடப் போயிருக்காங்க, வந்துருவாங்க. நீங்க பாருங்க," என்றாள்.

மெஷின்களை ஓரமாகத் தள்ளி, தங்கை சுவரில் பதினோரு படங்கள் மாட்டியிருந்தாள். ஈரப் பள்ளிக்கூடச் சட்டைகள் காயும் கொடி. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்த நான்கு பெண்களின் முழங்கால்கள். அரிவாள்மணையில் சங்கரா மீன் ஆயும் ஒரு அம்மாள், அது அவள் மாமியாராக இருக்க வேண்டும். பல படங்களில் ஒரு சிறுமி இருந்தாள். குனிந்து எழுதுகிறாள், ஜன்னலில் எட்டிப் பார்க்கிறாள், பாயில் குப்புறப் படுத்திருக்கிறாள். ஒன்றிலும் முகம் தெரியவில்லை. தங்கைக்குப் பெண் குழந்தை என்று பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். ஒன்பது வயதிருக்கும். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வடக்கு வீதி வீட்டைத் தேடினேன். அப்பாவைத் தேடினேன். வெட்கமாக இருக்கிறது, என்னையும் தேடினேன். ஒரு மூலையில், ஒரு நிழலாகவாவது வைத்திருக்க மாட்டாளா என்று பதினோரு படத்தையும் இரண்டு தடவை பார்த்தேன். நாங்கள் யாரும் இல்லை. அதில் இருந்தது அவள் வாழ்ந்த பதினோரு வருஷம். அது நிறைவாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் கவனித்துவிட்டாள். "மேடத்துக்கு நீங்க..." என்று இழுத்தாள்.

"அக்கா," என்றேன். சொன்ன மாத்திரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. தங்கை உள்ளே வந்து இந்தப் பெண்ணின் எதிரில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன்? "ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேம்மா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வடக்கே நடந்தேன்.

வடக்கு வீதியில் இப்போது வேறு யாரோ இருக்கும் எங்கள் வீட்டைத் தலை நிமிராமல் கடந்தேன். கீழ வீதி, தெற்கு வீதி என்று முழுச் சுற்றும் சுற்றினேன். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. வந்தால் என்ன பேசுவது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே நடந்தேன். ஆபீஸில் எத்தனையோ பேருக்கு விளக்கக் கடிதம் எழுதித் தந்தவள் நான். எனக்கென்று ஒரு வரி தேறவில்லை.

மறுபடி மேல வீதிக்கு வந்தபோது ஏழரை தாண்டியிருந்தது. அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"மேடம் பத்து நிமிஷம் முன்னாடி வந்தாங்க. உங்கக்கா வந்துருக்காங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பாப்பாவக் கூட்டிக்கிட்டு உடனே கெளம்பிட்டாங்க. நீயே பூட்டிடும்மான்னு சாவியக் குடுத்துட்டாங்க."

என்னைத் தேடிப் போனாளா, என்னைத் தவிர்க்கப் போனாளா? அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. வண்டி தெற்கு வீதி முனையில் நிற்கிறது, எடுத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள் என்றாள்.

"அப்ப இப்படித்தானே போனா?" என்று தெற்கே காட்டினேன். முனை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"இல்லீங்க, அப்படிப் போனாங்க," என்று அவள் வடக்கே காட்டினாள். "நானும் சொன்னேன், அது ஜாஸ்தி தூரம் மேடம்னு."

நான் வடக்கே பார்த்தேன். எங்கள் எல்லோரையும் மீறிக்கொண்டு போனவள், பக்கத்து முனையில் நிற்கும் வண்டிக்கு மூன்று வீதி சுற்றிக்கொண்டு போகிறாள். அப்பாவின் பெண்தான். நாங்கள் இருவரும் கோயிலை வலது கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவர் சுற்றியிருக்கிறோம். நான் பின்னாலேயே ஓடினாலும் அவள் வண்டியை எடுத்துவிடுவாள். இங்கேயே நின்றால் அவள் வரமாட்டாள்.

நான் தெற்கே திரும்பினேன். அங்கிருந்து தெற்கு வீதியில் கிழக்கு முகமாக, கோயிலை இடப்பக்கம் விட்டு நடந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவை. ஊர் ஜனம் மொத்தமும் எதிரே வந்தது. தோளில் இடித்தார்கள். குடைக்காரர் இரண்டாவது சுற்றில் இருந்தார் போலிருக்கிறது, "ஏம்மா, அந்தப் பக்கம் போற?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். கொஞ்சம் வேகமாகவே போனேன். செருப்பு வார் அறுந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கீழ வீதி திரும்பும் இடத்தில் அவளைப் பார்த்தேன். கன்னத்தில் சதை போட்டிருந்தது. காதோரம் நரை. தலையைக் குனிந்துகொண்டு, மகள் கையைப் பிடித்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள், நான் வந்த திசையைப் பார்த்தாள். நடு வீதியில் நின்றுவிட்டாள்.

"என்னத் தேடியா போன?" என்று கேட்டேன். கோத்து வைத்த வாக்கியம் ஒன்றுகூட நாக்கில் இல்லை.

"இல்ல," என்றாள். "ஒன்னப் பாக்கக் கூடாதுன்னுதான் போனேன்."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும்? ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை ஒதுங்கச் சொன்னது. மூன்று பேரும் ஒரு பழக்கடை ஓரமாக ஒதுங்கினோம்.

"அப்பா போனப்ப ஒனக்கு நான் சொல்லி அனுப்பியிருக்கணும்," என்றேன். "தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கி எதிர்ல நீ நின்னதப் பாத்தேன். கூப்புடல."

"தெரியும்," என்றாள். "நீ பாத்தத நானும் பாத்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. கோபமாகக்கூட இல்லை, களைப்பாக இருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அந்த மாதிரி நிற்பாள். தொட்டுப் பார்க்க என் கை தவித்தது. செருப்பை வைத்திருந்த கை அது. எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். படம் படமாகத் தேடிய முகம். மாநிறம், அகலமான நெற்றி, மேல் வரிசையில் ஒரு பல் இன்னும் பாதிதான் முளைத்திருந்தது. அவள் என்னைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் மேலும் கீழும் அளந்தாள்.

"யாரும்மா இவுங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நான் என்று புரிந்தது.

"நான் ஒங்கம்மாவோட அக்கா," என்றேன். "ஒனக்குப் பெரியம்மா."

குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் என்னை. கணக்கில் தப்பு செய்த ஒருவரைத் திருத்துகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்:

"எங்கம்மாவுக்குத்தான் அக்காவே கெடையாதே."

பழக்கடைக்காரர் கூட எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குழந்தையை யாரும் பொய் சொல்லி வளர்க்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் கண்டதைத்தான் சொன்னாள். தங்கை மகளின் தலையில் கை வைத்தாள்.

"இருக்கா," என்றாள். "இப்பத்தான் வந்துருக்கா."