குட்டிச் சாக்கு

அந்த உடுப்பைத் தைச்சதே நாந்தான். போடியில கைக்குழந்தைகளுக்கு வேசம் கட்டிப் படம் எடுக்குற ஸ்டுடியோ வச்சிருக்கேன். கிருஷ்ணர், தேனீ, டாக்டர்னு எல்லாரும் வச்சிருக்கிறதுதான் என்கிட்டயும் இருந்துச்சு. நம்ம ஊருக்குன்னு ஒண்ணு வேணும்னு, ஏலக்காய் எடுக்குற பொம்பளைக வேசத்தைக் குட்டியாத் தைச்சேன். தலைக்கு ஒரு துண்டு, இடுப்புல கட்ட ஒரு சாக்கு, படுக்கவைக்க ஒரு கூடை. ஏலக்காய் யாவாரிக வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுவிட்டா வீட்டாளுகளுக்கு வாயெல்லாம் பல்லு. எனக்கும் தலைக்கனம் ஏறிப்போச்சு.

போடிமெட்டுக்கு மேல எஸ்டேட்டுல காய் எடுக்குற பொண்ணு ஒருத்தி ஜீப்புல இறங்கி வந்தா, தலைச்சன் பெண்குழந்தையோட. நம்ம பக்கம் முப்பது நாள் கழியாமப் பிள்ளையை வெளிய எடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள அதுக கைகாலை உதறிப் பழகிரும், சுருட்டிப் படுக்கவச்சாப் படுக்காது. இந்தக் குழந்தை பாலைக் குடிச்சதும் அசந்து தூங்கிருச்சு. அடிச்சது யோகம்னு இருந்துச்சு எனக்கு. என்ன வேசம் வேணும்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலையே! அவ பொழப்பு இதுதானே, பார்த்தாச் சந்தோசப்படுவான்னு நானே முடிவு பண்ணித் துண்டைக் கட்டுனேன், சாக்கையும் கட்டுனேன். கூடை சாஞ்சிரக் கூடாதுன்னு அவளையே பிடிச்சுக்கச் சொன்னேன்.

அவ சாக்கையே பார்த்துக்கிட்டுக் கூடையைப் பிடிச்சிருந்தா. பிள்ளை முழிச்சிருமோன்னு பாக்குறான்னு நினைச்சேன். நான் கேமராவைக் கீழ வச்சப்பறந்தான் மெதுவாச் சொன்னா.

“அக்கா, அந்தச் சாக்கை அவுத்துருங்க. இவ இதைக் கட்டக் கூடாதுன்னுதான் நான் கட்டுறேன்.”

எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. வெரசா அவுத்துட்டு டாக்டர் கோட்டை மாட்டப் போனேன், பிள்ளை முழிச்சு வீல்னு கத்துது. ஜீப்புக்கு நேரமாச்சுன்னு அவளும் தவிக்கிறா. அவ கொண்டாந்த துண்டுல சுத்தி ரெண்டு படம் எடுத்து அனுப்பிவச்சேன். சாக்குப் படத்தை அழிச்சிருறேன்னு சொல்லித்தான் அனுப்புனேன்.

அழிக்கல. படம் அம்புட்டு அழகா வந்திருந்துச்சு, பாவி மனசு கேக்கல. ஸ்டேட்டஸ்ல போட்டேன். கூடையைப் பிடிச்சிருந்த அவ முகமும் ஓரத்துல பாதி தெரிஞ்சுது. மலையில யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன். இதே வேசம் வேணும்னு எத்தனையோ பேரு கேட்டாங்க, நானும் பல்லைக் காட்டிக்கிட்டு ஆகட்டும்னேன்.

குழந்தைக்குத் தலை நின்னப்பறம் அவ திரும்ப வந்தா. டாக்டர் கோட்டுல ஒரு படம் வேணும்னு கேட்டா. மாட்டிப் பார்த்தேன், கோட்டு முழங்கைக்கு மேல ஏறல. பெருசாத் தைச்சு வைக்கிறேன், இப்ப எதுக்கு அவசரம்னு கேட்டேன். பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே சொன்னா.

“எங்க கங்காணி போன்ல அந்தச் சாக்குப் படம் இருக்குக்கா, யாரோ யாவாரி அனுப்பிவிட்டாங்களாம். வேலைக்கு நின்ன எல்லார்ட்டயும் காட்டி, அடுத்த ஆளு ரெடியாயிருச்சுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்க்கா, வேலை குடுக்குறவராச்சே.”

அவளுக்கு என் மேல கோவம்கூட இல்ல. திட்டியிருந்தாத் தேவலை. என் போன்ல இருந்ததை அவ முன்னாடியே அழிச்சேன். கங்காணி போன்ல இருக்கே, அதை நான் எப்படிப் போயி அழிப்பேன்?