நிழல் விழுந்த எழுத்துகள்

ஈரக் கம்பளியும் பச்சைத் தேயிலையும் கலந்த ஒரு வாசனை... வால்பாறை எஸ்டேட்டின் டிவி அறை என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் நேராக அங்கே வருவார்கள். டிவியில் முதியோர் கல்விப் பாடம் ஓடும். முடிந்ததும் அதையே சிலேட்டில் எழுதிப் பழக்குவது என் வேலை. புதிதாகச் சேர்ந்த வாத்தியார் நான். பெரியவர்கள் முன்னால் பேசவே கூச்சம்.

மலைக்குள் சிக்னல் சரியாக வராது. வெளியே போய் ஏரியல் கம்பத்தை நான் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் தெரியும்.

"வாத்தியாரு அப்படியே நிக்கட்டுமுங்க. பாடத்த டிவி அம்மணி பாத்துக்கும்" என்பார் ராக்கம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ராக்கம்மாவின் மகளைப் பெரியநாயக்கன்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அது தலைப்பிரசவம். கோயமுத்தூரில் பஸ் மாற வேண்டும், கூடப் போக ஆளில்லை. போர்டு படிக்கத் தெரிந்தால் தனியாகவே போய்விடலாம் என்றுதான் அவர் வகுப்புக்கே வந்தார்.

எல்லோருடைய சிலேட்டிலும் ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். கை நடுக்கம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கம்பத்தை வேறொருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். திரையில் எழுத்துகள் இரட்டையாக விழுந்துகொண்டிருந்தன... இவர்கள் நிழலையும் சேர்த்தே கற்றிருந்தார்கள்.

அந்தக் கோட்டை விட்டுவிடச் சொன்னேன். விட்டுவிட்டார்கள். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. மனதில் தப்பாகப் பதிந்திருந்தால், பஸ் ஸ்டாண்டில் ராக்கம்மா என்ன செய்வார்?

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகச் செய்தி வந்தது. நானும் கூட வரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீங்க வந்துபோட்டா ஏரியல ஆருங்க புடிக்கறது?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பும்வரை தினமும் பஸ் வரும் நேரத்தில் ரோட்டுக்குப் போய் நின்றேன்.

பேரன் பிறந்த சர்க்கரையோடு வந்தார். போர்டு படிக்க முடிந்ததா என்று கேட்டேன்.

"அங்க எழுத்துக்கு நெழலே இல்லீங்க. பளிச்சுனு இருந்துச்சு. நம்ம டிவில படிச்சவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமுங்களா?"

இன்று என் வீட்டில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. நிழலில்லை, புள்ளியில்லை... பிடித்துக்கொண்டு நிற்க ஏரியலும் இல்லை.

எனக்குப் பாடம் நடத்தத் தெரிந்ததா என்பது இன்றும் சந்தேகம்தான். ஆனால் கம்பத்தை நன்றாகவே பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் சந்தேகமே இல்லை.