ஐந்து மீட்டர் சுவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு மனைவிகள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். மூத்தவள் லேத் மெஷின், இளையவள் டார்ச் லைட். என் அக்கா அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். அத்தான் இதைக் கேட்டுக் கோபப்பட்டதில்லை. மூத்தவள்தானே சோறு போடுகிறாள் என்பார்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட், மெஷினுக்கு புஷ், தேய்ந்துபோன உருளை, எதைக் கொண்டுவந்தாலும் கடைந்து கொடுப்பார். அலுமினியச் சுருள் அவருடைய சட்டைப் பையிலும் கிடக்கும், அக்காவின் தலையணை உறையிலும் கிடக்கும். வேலையில் அவ்வளவு சுத்தம். மயிரிழை அளவு பிசகினாலும் திரும்ப மெஷினில் ஏற்றிவிடுவார். பேச்சில் மட்டும் அந்த அளவெல்லாம் கிடையாது. நாக்கில் வந்ததைப் போட்டு உடைத்துவிட்டு, ஏன் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒன்றும் புரியாமல் பார்ப்பார். அந்த வாயால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் எங்களைவிட அதிகம் பட்டவர் ஒருவர் இருக்கிறார்.

டார்ச் பித்து அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கிறது, எங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். எனக்குப் பரிசாக வந்த டார்ச்சைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. பிறகு ஃபோனில் இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு குழு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் இரண்டு கூட்டாளிகள் அகப்பட்டார்கள். ஒருவர் இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பவர், சர்க்யூட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இன்னொருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அத்தானைவிடச் சில வயது மூத்தவர். இத்தனை வருடம் அந்தக் கடை வாசலில் நடந்து போனவருக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பதும் தன் இனம்தான் என்று ஃபோன் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவரை நாங்கள் கண்ணாடியார் என்போம்.

மூவரும் சேர்ந்து டார்ச் செய்ய ஆரம்பித்தார்கள். சும்மா டார்ச் இல்லை, வெகுதூரம் எட்டுகிற டார்ச். உடம்பு அத்தான் கடைவார். மின்சாரம் சர்க்யூட் பொறுப்பு. ஒளியைக் குவிக்கும் லென்ஸ் கண்ணாடியார் தீட்டுவார். பட்டறையின் ஒரு முனையில் டார்ச்சைப் பொருத்திவிட்டு, ஐந்து மீட்டர் தள்ளி எதிர்ச் சுவரில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை மாட்டுவார்கள். மீட்டர் காட்டும் எண்ணை வைத்து, இது எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். எண் பேசினால் மனிதர் பேசக்கூடாது என்பது அத்தான் போட்ட சட்டம். எண் இறங்கினால், குறை யாருடைய பாகத்தில் இருக்கிறதோ அவர் வாயைத் திறக்காமல் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தால்தான் மூன்று கிறுக்கர்களும் வருடக்கணக்கில் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணாடியாருக்குக் கண்ணில் அழுத்த நோய். ஓரங்களில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். இதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை. எனக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கும்போது அவரே சொன்னார். ஒருநாள் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"போறது போகட்டும்மா. தெரியற வரைக்கும் இந்தக் கண்ணாடி தீட்டுற மெஷின்ல உட்காரணும். அது போதும் எனக்கு" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான்.

அப்போதுதான் அவர்கள் பெரிய டார்ச்சில் இறங்கினார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு லென்ஸ், அதைத் தாங்குகிற பருமனில் உடம்பு. ஒரு கிலோமீட்டரைத் தாண்டி அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கண்ணாடியார் கடை வேலை முடிந்த பிறகு மாதக்கணக்கில் அந்த ஒரு லென்ஸைத் தீட்டினார். கண்ணால் பார்த்தது பாதி, விரல் நுனியால் தடவிப் பார்த்தது பாதி.

பொருத்திப் பார்த்த அன்று மீட்டர் காட்டிய எண், அவர்களுடைய சின்ன டார்ச்சின் எண்ணைவிடக் குறைவு. சர்க்யூட் தன் வேலையைப் பிரித்துச் சோதித்தார், சரியாக இருந்தது. அத்தான் மையம் விலகியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மிச்சம் இருந்தது லென்ஸ். கண்ணாடியார் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போய்த் திரும்பத் தீட்டிக் கொண்டுவந்தார். எண் அசையவில்லை.

அன்று நான் அங்கேதான் இருந்தேன். அத்தான் மீட்டரைக் கழற்றியபடியே சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. கண்ணு போயிட்டிருக்கு இல்லையா, அதான். இனிமே லென்ஸ் வேலை உங்களுக்கு வேண்டாம்."

கண்ணாடியார் மறுத்துப் பேசவில்லை. எண் பேசிவிட்டதே. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அக்கா அத்தானைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள், அவர் திருதிருவென்று விழித்தார்.

அந்த மாதமே கண்ணாடியார் கடையை மூடிவிட்டார். டார்ச் லென்ஸையே சரியாகத் தீட்ட முடியாதவன், நாலு பேர் கண்ணுக்கு எந்த நம்பிக்கையில் கண்ணாடி செய்து கொடுப்பது என்று கேட்டாராம். வாடிக்கையாளர்களை வேறு கடைக்கு அனுப்பிவிட்டு, தீட்டும் மெஷினை வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று தெருவே பேசியது. குழுவிலிருந்தும் விலகிக்கொண்டார். மற்ற இருவரும் சின்ன டார்ச்சுகளுக்குத் திரும்பினார்கள். பெரியதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார் அத்தான். ஆனால் அதன் பேட்டரியை மட்டும் அவ்வப்போது சார்ஜ் ஏற்றி வைப்பார். பேட்டரியைச் சாகவிடுவது அவருக்குப் பாவம்.

இரண்டு வருடத்துக்கும் மேல் போய்விட்டது. ஒரு சாயங்காலம், இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் மழையும் சேர்ந்து வந்தது. கரண்ட் வேறு போய்விட்டது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கைக்குக் கிடைத்த டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓட, நானும் பின்னால் ஓடினேன். அது அந்தப் பெரிய டார்ச். அதிலிருந்து கோடு மாதிரி ஒரு வெளிச்சம் போனதே தவிர, பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதில் துணியும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை, என்ன இழவு டார்ச்சோ என்று அக்கா திட்டிக்கொண்டே அதை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் அந்தக் கோடு போய் முடிகிற இடத்தைப் பார்த்தேன். ரயில் பாதைக்கும் அந்தப் பக்கம், பகலிலேயே சுண்டுவிரல் அளவுக்குத் தெரிகிற ஆலைப் புகைபோக்கி பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. அதில் எழுதியிருந்த எழுத்துகளை எண்ணலாம் போலிருந்தது.

நான் அத்தானைக் கூப்பிட்டேன். மழையில் நனைந்தபடி வந்து பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் அவரும் சர்க்யூட்டும் மைதானத்துக்கு மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தள்ளித் தள்ளி வைத்து அளந்தார்கள். தூரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், எண் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய லென்ஸின் ஒளி முழுவதுமாக ஒன்று சேர நீண்ட தூரம் வேண்டுமாம். சின்ன டார்ச்சுகளுக்குப் போதுமாக இருந்த ஐந்து மீட்டர் இதற்குப் போதவில்லை. வெளிச்சம் சேருவதற்கு முன்பே பட்டறைச் சுவர் குறுக்கே வந்துவிட்டது. அத்தான் இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையில் டார்ச் கிடைத்தால் சின்னக் குழந்தைகூட வாசலுக்கு ஓடி வானத்தில் அடித்துப் பார்க்கும். இந்த மேதைகளுக்கு மட்டும் அது தோன்றவில்லை. அவர்களுக்குத்தான் எண் இருந்ததே.

போய்ச் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள் அக்கா. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார் சர்க்யூட். அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் லென்ஸைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, கூட வருகிறாயா என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. போனேன்.

கண்ணாடியார் எங்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். கடைசிச் சில மாதங்களில்தான் பார்வை வேகமாக இறங்கியதாம், இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்குத்தான் இருக்கிறது. அவருடைய மனைவி நாற்காலிகளை நகர்த்திப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அத்தான் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு லென்ஸை அவர் மடியில் வைத்தார். கண்ணாடியார் அதன் விளிம்பை ஒரு சுற்று தடவினார்.

"அப்போ இது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு அண்ணே. நாங்க அளந்ததுதான் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம், எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"கடையை மூடினதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது தம்பி. வாசல்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, போறவங்க வர்றவங்களைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணு போச்சு, அதனால வேலையை விட்டோம், அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நீங்க இப்போ அதையும் எடுத்துட்டீங்களே."

அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தானுக்கு லென்ஸைத் திரும்ப எடுக்கவும் கை வரவில்லை, அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. கடைசியில் நான்தான் கண்ணாடியார் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டேன்.