பில்ட் ஃபைல் திருத்துகிறவள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ப்ராஜெக்ட் சென்டர். இன்ஜினியரிங் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்பது தொழில். பில்ட் ஃபைலைத் திருத்துவது என் வேலை. ப்ரோக்ராமுக்கு என்ன பெயர், எந்த வெர்ஷன், எதையெதைச் சேர்த்து ஓட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ஃபைல் அது. போன வருடம் ஒரு பெயரில் போன ப்ராஜெக்ட் இந்த வருடம் வேறு பெயரில் போகும். உள்ளே இருக்கும் ப்ரோக்ராமை யாரும் தொடுவதில்லை. நானும்தான்.

"அக்கா, என் லேப்டாப்ல ரன் ஆக மாட்டேங்குது, நாளைக்கு வைவா" என்று வந்து நிற்பார்கள். எரரைப் பார்த்த உடனே எந்த வரி என்று எனக்குத் தெரிந்துவிடும். சரிசெய்து கொடுத்தால் "அக்கா கெத்து" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டது. நானும் அதே படிப்புதான் படித்தேன், என்ன பிரயோஜனம்.

இந்த வருடம் எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று பெருங்களத்தூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அதை விட்டால் வேறு யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். ப்ராஜெக்டைத் திறந்தால் ஒருவருக்கும் பில்ட் ஆகவில்லை. எல்லாரும் திருதிருவென்று முழித்தார்கள். இதுதான் டெஸ்ட் போல என்று எனக்கு ஒரே சந்தோஷம். பில்ட் ஃபைலில் வெர்ஷனை மாற்றி, விட்டுப்போன லைப்ரரியைச் சேர்த்தேன். ஓடியது. முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

"சார், முடிச்சிட்டேன்."

இன்டர்வியூ எடுத்தவர் வந்து பார்த்தார். "அடடா, எங்க ஆளுங்க தப்பா போட்டுட்டாங்களா? தேங்க்ஸ் மா." என் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து எல்லா மெஷினிலும் போட்டார். "இப்ப ஆரம்பிங்க. கேள்வி பேப்பர்ல இருக்கு."

பஸ் டிக்கெட் கேன்சல் ஆனால், காத்திருப்பவர்களில் அடுத்தவருக்கு அந்த சீட்டைக் கொடுக்கிற மாதிரி ப்ரோக்ராம் எழுத வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. காலேஜில் எழுதியிருக்கிறேன். முதல் வரி வந்தது. அதற்குப் பிறகு ஒரு எழவும் வரவில்லை. சுற்றிலும் எல்லாரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பாத்ரூமுக்குப் போய் அழலாமா என்றிருந்தது.

நேரம் முடிந்ததும் அவர் என் ஸ்கிரீனைப் பார்த்தார். பக்கத்து சீட்டுப் பையனுடையதைப் பார்த்துவிட்டு, அடுத்த ரவுண்டுக்கு அவனை உள்ளே வரச் சொன்னார்.

"அப்புறம் பில்ட்ல ஒண்ணும் ப்ராப்ளம் இல்லையே?" என்று அவனிடம் கேட்டார்.

"இல்ல சார். நீங்க மாத்திக் குடுத்ததும் ஒரே தடவைல ஓடிருச்சு."

அவர் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்பலாம் மா" என்றார்.