அண்ணன் கொண்டுவந்த விடுதலை

பரம்பரை என்ற சொல்லை யாராவது உரக்கச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என் அண்ணன் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தான். குடும்பச் சொத்து சிதறாமல் தலைமுறை தலைமுறையாக நிற்பதற்குத் திட்டம் போட்டுத் தருகிறவராம். கோயம்புத்தூரிலிருந்து தம்பியும் வந்து சேர்ந்தான்.

கணவர் இறந்தபின் ஊருக்குத் திரும்பி, எங்கள் கரிசல் நிலத்தில் உளுந்தும் கம்பும் போட்டுப் பிழைப்பவள் நான். அப்பா என்னோடுதான் இருக்கிறார். மழை ஏமாற்றிய வருஷங்களில் அந்த நிலத்தை எட்டிப் பார்க்க இவர்களில் ஒருவனும் வந்ததில்லை. பக்கத்துப் புஞ்சையில் சோலார் கம்பெனிக்காரன் வந்து நிலம் கேட்ட பிறகுதான் இருவருக்கும் பரம்பரை ஞாபகம் வந்தது.

ஆலோசகர் உளுந்து மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்து வம்சத்தையே படமாகப் போட்டுக் காட்டினார். தாத்தாவுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு ஒரு கட்டம். கீழே அண்ணன், தம்பி, அவர்களுடைய பையன்கள், அந்தப் பையன்களுக்கு இனிமேல் பிறக்கப்போகிற பையன்கள். பிறக்காதவனுக்குக்கூடக் கட்டம் இருந்தது. நான் எங்கே என்று கேட்டேன்.

"நீங்கதான் விடுதலை எழுதிக் கொடுக்கப்போறீங்களே மேடம், அதனால சேர்க்கல" என்றார்.

அப்பா கண் கலங்க அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு பெருமை. எனக்கு எழுந்துபோய்க் கை கழுவ வேண்டும்போல இருந்தது.

பூர்வீகச் சொத்து, என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. பெண் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். என்னவோ ஜெயிலிலிருந்து அவளை வெளியே விடுகிற மாதிரி. எழுதிக்கொடுக்கிறவளுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு பட்டுச்சேலை வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. பத்திர ஆபீசுக்குக் கிளம்பும்போது அண்ணனும் கொடுத்தான். அதுவரை தீபாவளிக்கு ஒரு நூல்சேலை எடுத்துத் தராதவன், அன்றைக்கு வாய் நிறையத் தங்கச்சி என்றான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

எட்டயபுரத்தில் பத்திர ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தினார்கள். நாங்கள் இறங்கி நின்றோம், அப்பா மட்டும் முன் சீட்டிலேயே இருந்தார். பத்திரம் எழுதுகிறவர் வந்து, இனி எனக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது என்பதுவரை வாசித்துக் காட்டினார். எல்லாம் சரி, அப்பா யாரோடு இருப்பார் என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? அப்பா ஒங்கூடத்தான் இருப்பாவ. அவியளுக்கு மெட்ராஸ் தண்ணி ஒத்துக்காது" என்றான் அண்ணன்.

"விடுதலைன்னா முழு விடுதலையா இருக்கட்டும் அண்ணே. நான் எழுதித் தாரேன். இப்படியே கார்லயே அப்பாவக் கூட்டிட்டுப் போயிருங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி செல்போனைப் பார்த்தான்.

அப்பா மெல்லக் கதவைத் திறந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்காகப் பேசப்போகிறார் என்று ஒரு நொடி நம்பித் தொலைத்தேன்.

"ஏட்டி, சட்டுனு கையெழுத்தப் போட்டுட்டு வா. வீட்டுக்குப் போவோம், பசிக்கு" என்றார்.

நான் போடவில்லை. அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுக் காரில் ஏறினான். கிளம்பும்போது என் கையிலிருந்த பட்டுச்சேலையை மறக்காமல் வாங்கிக்கொண்டான். அப்பாவைத்தான் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்.