போகியன்று எரிந்த கீல்கள்

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு. எனக்கு எழுதத் தெரியாது; இந்த நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குப் போவேன், உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கம்பைநல்லூரில். வாழ்க்கைப்பட்டது நல்லம்பள்ளியில், மர வேலைக் குடும்பத்தில். மாமா சீக்கிரமே போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு அழுதது போதும் என்று ஒரு நாள் அக்கா மாமாவின் பட்டறையைத் திறந்தார். பழைய பீரோ, பெட்டிகளைப் புதுப்பிப்பதுதான் அங்கே வேலை.

"பொம்பள உளி புடிச்சா வூடு வெளங்குமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"உங்க வூட்டுக் கதவு ஆடுதுங்களே, அதெ மொதல்ல கொண்டாங்க" என்றார் அக்கா. கொண்டுவந்தாரே!

பழைய மரத்தில் புது ஸ்க்ரூ பல்லை இளிக்கும் என்பார். கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் கழித்துப் போட்ட சாமான்களிலிருந்துதான் எடுப்பார். மடியில் எப்போதும் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டியில் என் சம்பந்தி வீட்டு விருந்தில் பந்தியை விட்டு எழுந்துபோய், கொல்லையில் கிடந்த உடைந்த கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்க சம்பந்தி, இந்தக் கொக்கிய எடுத்துக்கட்டுங்களா?" என் மானமே போயிற்று. அன்றைக்குப் பாயசம் அவ்வளவு நன்றாக இருந்தது, அதையும் அவர் குடிக்கவில்லை.

தருமபுரிப் பாத்திரக்கடை பாய் வீட்டு அம்மா, மகளின் நிக்காஹ்வுக்காகத் தன் தாயாரின் நகைப்பெட்டியைச் சரிசெய்யக் கொடுத்திருந்தார். அதற்குப் பொருந்தும் பித்தளைக் கீல்களைப் பல மாதம் தேடி, உடைந்த ஆர்மோனியம் ஒன்றில் அக்கா கண்டுபிடித்தார். முன்கூட்டியே கழற்றினால் ஸ்க்ரூ மாறிப்போகும் என்று, வேலை நாள் வரை கீலை அதன் மரத்தோடேயே வைத்திருப்பது அவர் வழக்கம்.

போகி வந்தது. ஊரார் பழையதைக் கொளுத்துவதற்குள் கழற்ற வேண்டியதைக் கழற்றிவிட அக்கா தெருத்தெருவாகப் போயிருந்தார். உதவி செய்வதாக நினைத்து நான் அவர் வீட்டைக் கூட்டி, மூலையில் கிடந்த உடைசலை வாசல் தீயில் போட்டேன்.

"இங்க இருந்த ஆர்மோனியம் எங்கடி?"

"குளுருக்கு நல்லா எரிஞ்சுதுக்கா."

அக்கா திட்டவில்லை. மாவுச் சல்லடையை எடுத்துவந்து சாம்பலைச் சலித்தார். கீல் இரண்டும் கிடைத்தன. ஒன்று வளைந்து கறுத்திருந்தது. தட்டி நிமிர்த்திப் புளி போட்டுத் தேய்த்தும் கறுப்பு முழுதாகப் போகவில்லை. பெட்டி என்னவோ அழகாக மூடியது.

அன்று சாயங்காலமே அந்த அம்மா வந்து பார்த்தார். "உங்க கைய நம்பித்தானே குடுத்தேன்? இப்புடிக் கருகிக் கெடக்குதே!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என் கை தவறிடுச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்றார் அக்கா. அந்த அம்மா போன பிறகும் அக்கா என்னிடம், "பொங்கலுக்குப் பால் சொல்லிட்டியாடி?" என்றுதான் கேட்டார்.

கடைசி நாட்களில் கண் மங்கியும், தடவிப் பார்த்தே ஸ்க்ரூவின் அளவைச் சொன்னார். அவரைத் தாங்கிய மருமகள்களுக்கும், சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாய் வீட்டு அம்மாவும் அன்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தன வருசப் பழக்கம்! ஒரே ஒரு தடவதான் அவுங்க கை தவறுச்சு" என்று சொல்லி அழுதார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பாய் வீட்டு அம்மா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். அந்த ஆர்மோனியத்தைத் தீயில் போட்டவள் நான். அக்காவின் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை.