ஐந்து ழகரமும் ஒரு வாழைப்பழமும்

எங்கள் சித்தப்பாவின் வேனில் ரேடியோ ஓயாது, சித்தப்பாவும் ஓயமாட்டார். வீடு இருந்த உட்லண்ட்ஸிலிருந்து சாமான் வாங்கப் போகும் ஃபேரர் பார்க் வரை இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வரும். ஆனால் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காலி இடம் பார்த்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினாரோ இல்லையோ, அவர் கை தானாகப் போய் ரேடியோவைக் குறைத்துவிடும். அவரும் வாயை மூடிக்கொள்வார். எனக்கு அப்போது பத்து வயது. வண்டியைக் கண்ணால் பார்த்துத்தானே நிறுத்துகிறார், பாட்டு காதில்தானே கேட்கிறது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வெகுநாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் வீட்டில் பெரிய விவகாரம் என் தமிழ் வாய்மொழித் தேர்வு. ஒரு படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். நாம் பேச வேண்டும். பேச்சுக்கு நான் அஞ்சுகிற ஆள் இல்லை. லிஃப்ட் பதினோராம் மாடிக்கு ஏறுவதற்குள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு முழு சினிமாக் கதையைச் சொல்லி முடித்துவிடுவேன். அந்த வாய் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

அம்மா ஊரில் ஆசிரியை ஆக ஆசைப்பட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவர். அந்த ஆசை மொத்தமும் என் தலையில் இறங்கியது. ழகரம் சுத்தமாக வரவேண்டும், ஆங்கிலம் கலக்கக் கூடாது, இங்கத்துப் பழக்கத்தில் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’ போடக் கூடாது, முழு வாக்கியமாகச் சொல்லவேண்டும், நிமிர்ந்து உட்காரவேண்டும், ஆசிரியையின் கண்ணைப் பார்க்கவேண்டும். நான் ஒரு சொல்லை வெளியே விடுவதற்குள் மூன்று திருத்தம் வந்து விழும்.

பள்ளியில் ஒத்திகைத் தேர்வு வந்தது. படத்தில் ஓர் உணவங்காடி. முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து கிடக்கிறார். சூப் கொட்டிக் கிடக்கிறது. ஒரு சிறுமி ஓடி வருகிறாள். ஆசிரியை என்ன நடந்தது என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். அம்மா சொன்னதையெல்லாம் ஒருமுறை மனத்துக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன்.

“கிழவர் வாழைப்பழம் கீழே விழுந்தார்.”

ஐந்து ழகரம். ஒவ்வொன்றும் பட்டை தீட்டியது போல. படத்தில் வாழைப்பழமே கிடையாது. ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு மெல்ல அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்குமேல் என்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எனக்குத் தமிழ் வராது என்று அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். உண்மையான தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது பள்ளியிலிருந்து வாங்கி வந்த அந்த ஒத்திகைப் படத்தின் நகலை அம்மா வேனிலும் விடவில்லை. கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்த பிறகும் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா ரேடியோவைக் குறைத்தார். போதவில்லை போலும்.

“அண்ணி, ஒரு நிமிஷம் பேசாதீங்க. தூண் இருக்கு.”

அம்மா நிறுத்தினார். வண்டியும் நின்றது. இதைவிட்டால் சமயம் வாய்க்காது என்று என் கேள்வியைக் கேட்டேவிட்டேன். சித்தப்பா சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஃபேரர் பார்க்கில் நான்கு பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர். ஐந்து பேருக்கும் ஒரே அடுப்பு.

“உள்ளயும் ஒரே அடுப்புதான்மா. கண்ணு சமைக்கிறப்ப காது வந்து சட்டிய வைக்கக் கூடாது லா.”

“அப்ப எனக்கும் ஒரே அடுப்புதானா சித்தப்பா?”

சித்தப்பா எஞ்சினை அணைத்தார். பின் கதவைத் திறந்து பைகளை எடுக்கப் போய்விட்டார். அம்மா படத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். அன்று கறிவேப்பிலையை மறந்துவிட்டு, அதற்காகவே மறுபடி கடைக்கு நடந்தோம். அம்மா எதையும் மறப்பவர் அல்லர்.

சாயங்காலம் படம் மேசைக்கு வந்தது. “என்ன தெரியுது, சொல்லு” என்றார் அம்மா. அவ்வளவுதான். நான் கூன் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிள் விழுந்துட்டாரு லா, சூப் எல்லாம் கொட்டிருச்சு என்று ஆரம்பித்தேன். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார். நான் சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பேசிக்கொண்டே போனேன். விழுந்தவருக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது மேசைக்கு அடியில் கிடந்தது. அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அம்மா, ஆங்கிலம் கலக்காமல் சொல் என்றார், வேறொன்றும் இல்லை. அது பழகிய பிறகுதான் முழு வாக்கியம். ழகரத்தின் முறை கடைசியில் வந்தது. தேர்வில் வேறு படம். ஒரே ஒரு ‘லா’ தப்பி வந்துவிட்டது. ஆசிரியை “பிறகு?” என்றார். பிறகு என்னை நிறுத்தத்தான் அவர் பாடுபட வேண்டியிருந்தது.

இப்போது கிளமெண்டியில் ஒரு சமூக மன்றத்தில் முதியவர்களுக்குக் கைப்பேசி பழக்குகிறேன். ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும்தான் சொல்லித்தருவேன். அவர்கள் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தேடும்போது, எனக்கு நாக்கு நுனியில் பதில் துடிக்கும். அந்த நேரத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். துடைத்ததையே திரும்பத் துடைப்பேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், என்னோடு மல்லுக்கட்டி அம்மாவுக்கு அலுத்துவிட்டது, இனி இவள் தேறமாட்டாள் என்று என்னைக் கைகழுவிவிட்டார் என்றே நினைத்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் காதில் விழட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். சமையலறையில் குழாய்த் தண்ணீரின் சத்தம், சித்தப்பாவின் ரேடியோ போல, குறைந்தது. அது ஏன் குறைந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.